40-ஐத் தொடுமுன் வெளியேறுங்கள்

வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் நடத்தும் ஷேடோரன் (மேசையில் பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு ஆட்டத்தில், பெருநிறுவன வலையமைப்புக்குள் நுழையும் ஹேக்கர் ஒவ்வொரு முறையும் கோப்பு கைக்கு வருமுன்பே பிடிபடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கண்காணிப்பு மதிப்பெண்ணைக் கவனிப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்துமீறும் செயல்களை எதிர்த்து இலக்கு உருட்டும் பகடைகளில் பெறும் வெற்றிகள் அதில் சேர்வதோடு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையும் ஏறுகிறது; 40-ஐத் தொட்டதும் தடுக்க முடியாத 12 புள்ளிச் சேதம் விழுந்து, அவர் உடல் இருக்கும் இடமும் காவலர்களுக்குத் தெரிந்துவிடும். 30-ஐ நெருங்கும்போதே தன் கருவியை மறுதொடக்கம் செய்தால் மதிப்பெண் பூச்சியமாகும். ஆனால் பெற்ற குறிகளும் (வலையமைப்பில் அவர் பெற்ற அணுகல் அனுமதிகள்) அழியும் என்பதால், முதலில் கோப்பை நகலெடுக்கச் சொல்லுங்கள். ஹாட் சிம் (உடலுக்கே ஆபத்தான மெய்நிகர் இணைப்பு முறை) தரும் கூடுதல் 2 பகடைகளுக்கு ஆசைப்பட்டு, பினாங்கில் எங்கள் குழு ஓர் அருமையான பாத்திரத்தையே இழந்தது.