தள்ளுவதைப் போனஸ் செயலாக வைக்கலாமா?

முறை வைத்து ஆடும் கற்பனைப் போர் விளையாட்டில் எதிரியைத் தள்ளுவது போனஸ் செயலாக இருக்கலாமா, முழுச் செயலாக இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் தன் முறையில் முக்கியமாகச் செய்வது முழுச் செயல்; அதோடு கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்தான் போனஸ் செயல். நீங்களும் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறீர்கள், சோதித்துப் பார்த்த யாரோ உங்கள் முக்கிய வில்லனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனக்கு அது நடந்தது.

ஒரு பாலம். நடுவில் 120 உயிர்ப்புள்ளிகளோடு காவலன். அவனுடைய வசனங்களையும் மூன்று கட்டத் தாக்குதல்களையும் மட்டுமே மூன்று வாரம் எழுதினேன். நண்பர் ஒருவரை ஆடச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றிலேயே, குழுவில் மிகவும் பலவீனமான சூனியக்காரியை அவனருகே நகர்த்தி, தள்ளும் பொத்தானை அழுத்தினார். காவலன் விழுந்தான். சூனியக்காரியின் முழுச் செயல் இன்னும் மிச்சமிருந்தது. அதை யார்மீது பயன்படுத்துவது என்று நண்பர் திரும்பி என்னைக் கேட்டார். அன்றிரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் கணக்குப் போட்டேன். வாள்வீச்சு ஒன்றுக்குச் சராசரி 9 புள்ளி. அவனை வீழ்த்த 14 வீச்சு வேண்டும். தள்ளுவது பலிக்கும் வாய்ப்பு பாதிதான். ஆனால் குழுவில் நான்கு பேர். நால்வரும் ஆளுக்கொருமுறை முயன்றால் 16-இல் 15 பங்கு அவன் முதல் சுற்றிலேயே விழுவான். யாரும் தங்கள் வாள்வீச்சைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சரி, வாய்ப்பைக் குறைப்போம் என்று 30 சதவீதமாக்கினேன். அப்போதும் நான்கில் மூன்று பங்கு விழுகிறான். பகடையைக் கடினமாக்கினால் தீரும் நோய் அல்ல இது. தள்ளுவதற்குக் கொடுக்கும் விலையில்தான் கோளாறு.

பிறகு, இவனைத் தள்ளவே முடியாது என்று விதி எழுதினேன். "அப்படியென்றால் அந்தப் பள்ளம் எதற்கு?" என்றார் நண்பர். அவர் கேட்டது நியாயம்.

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டில் தள்ளுவது போனஸ் செயல்தானே, அது வெற்றி பெறவில்லையா என்று பலர் சண்டைக்கு வருவார்கள். நானும் அதை விரும்பி ஆடியவன்தான். அங்கே அடியில்லாப் பள்ளத்தில் விழுந்தவனோடு அவனுடைய உடைமைகளும் போய்விடும். அதுவும் ஒரு விலை. ஆனால் அதன் மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் 2014 விதிகளில், தள்ள வேண்டுமென்றால் ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும், எதிரி நகர்வதும் 5 அடிதான். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் முறைக்கு மூன்று செயல்கள். தள்ளுவது அதில் ஒன்றை விழுங்கும். தாக்குதலாகவும் எண்ணப்படுவதால் அடுத்து ஓங்கும் வாளுக்குப் பகடைக் கணக்கில் 5 குறையும். இன்டு தி பிரீச் என்ற கணினி விளையாட்டில் 8-க்கு 8 கட்டத்தில் தள்ளுவது தவறவே தவறாது. அங்கே தள்ளுவதே தாக்குதல், ஆகவே இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

பள்ளமே இல்லாத சமதரையிலும் இது சின்ன விஷயமில்லை. கைச்சண்டைக்காரனை இரண்டு கட்டம் தள்ளினால் அடுத்த முறை அவன் நடந்தே வர வேண்டும். எட்டுப் பூதங்களில் ஒன்றுக்கு இப்படி ஆனால் பரவாயில்லை. தனியாக நிற்கும் முக்கிய வில்லனுக்குச் சுற்றுக்கு ஒரே ஒரு செயல்தான். அவனைப் போனஸ் செயலால் நான்கு பேர் மாறி மாறித் தள்ளினால், அவன் ஆயுதத்தை ஓங்காமலே சாவான். அவனுடைய அடிமடியிலேயே கை வைப்பதாகும் அது.

   

என் தீர்வு எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தள்ளுவதை முழுச் செயலாக்கினேன். விளிம்பைத் தாண்டியவனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு பகடை கொடுத்தேன். பற்றிக்கொண்டால் தொங்குவான், ஏறி வர அவனுடைய நகர்வு முழுவதும் செலவாகும். விரல்களை மிதித்து விழவைக்க எதிராளி இன்னொரு செயலைக் கொடுக்க வேண்டும். தோழன் கைகொடுத்துத் தூக்கவும் ஒரு செயல். நாயகர்களுக்கும் இதே விதிதான்; எதிரிகளும் தள்ளுவார்கள்.

அதே நண்பர் மறுபடி ஆடினார். காவலன் விளிம்பில் தொங்கினான். அவனிடமிருந்து இரண்டு கட்டத் தொலைவில் நண்பரின் வைத்தியரும் தொங்கிக்கொண்டிருந்தார். மிச்சம் ஒரு செயல், சூனியக்காரியிடம். நண்பர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் எதையும் அழுத்தவில்லை.