கேசினோ விளையாட்டுகளை எந்தக் கணக்கை வைத்து உருவாக்குகிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ‘கணித எதிர்பார்ப்பு’தான் அடித்தளம்; பலமுறை ஆடினால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு அது. கல்லூரியில் நிகழ்தகவு நடத்துகிறேன். அந்தப் பாடத்தை, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ரூலெட்டில்தான் தொடங்குவேன். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் 1 யூரோ கட்டி ஜெயித்தால் 35 யூரோவும், கட்டிய 1 யூரோவும் கிடைக்கும். சரி, 37 எண்களிலும் தலா 1 யூரோ கட்டுங்கள். எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 36தான். மிச்சம் 1/37, அதாவது 2.7%, கேசினோவுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு குழி உண்டு. பரிசு அதே 35. கேசினோவின் பங்கு மட்டும் 5.26% ஆகிவிடுகிறது.

இதில் எனக்குக் குறை இல்லை, குழிகளை யாரும் எண்ணிப் பார்க்கலாம். என்னை உறுத்துவது, படங்கள் உள்ள உருளைகள் சுழன்று நிற்கும் ஸ்லாட் மெஷின். நடுக்கோட்டில் ஒரே படங்கள் வரிசையாக நின்றால் பரிசு.

மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தங்கள், உருளைக்கு ஒரு ஜாக்பாட் (மிகப் பெரிய பரிசு) படம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றாக விழ 10,648-ல் ஒரு வாய்ப்பு. 1 டாலர் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய பரிசு வைத்தால் கேசினோவுக்குக் கையைக் கடிக்கும். இந்த முடிச்சை அவிழ்க்க இன்கே டெல்னெஸ் என்பவர் 1984-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை உள்ளே உருவாகும் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். ஒவ்வோர் உருளையிலும் 22 நிறுத்தங்களுக்கு 64 எண்களைப் பங்கிட்டு, ஜாக்பாட்டுக்கு ஒன்றே ஒன்று கொடுத்தால் வாய்ப்பு 2,62,144-ல் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் உருளையோ அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், மீதி 63 எண்கள். ஜாக்பாட் படத்துக்கு மேலும் கீழும் உள்ள, படமில்லாத வெற்று நிறுத்தங்களுக்குத் தலா 5 எண் என்றால், ஓர் உருளையில் 64 சுற்றில் சராசரியாக 10 முறை அந்தப் படம் கோட்டுக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ வந்து நிற்கும். கோட்டிலேயே நிற்பது ஒரு முறை. ‘அடடா, கொஞ்சத்துல போச்சே’ என்று ஆடுபவர் அடுத்த நாணயத்தை எடுப்பார்.

“இது மோசடியா சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். ஒவ்வொரு சுற்றும் சமவாய்ப்புதான், அதில் பொய் இல்லை என்றேன். ஆனால் படங்களை எண்ணி, நான் சொல்லிக் கொடுத்தபடியே கணக்குப் போட்டால் அவருக்கு 10,648 என்றுதான் விடை வரும். உண்மை அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு அரிது. மெஷினின் கண்ணாடியில் 2,62,144 என்ற எண்ணைப் பெரிதாக ஒட்டவேண்டும் என்று சட்டம் போட்டால் நான் முதல் ஆளாக வரவேற்பேன்.