சோடா மூடியும் பழைய விக்கெட்டுகளும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஒருவனுக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போகிற கூட்டம் நாங்கள். போன மாதம் தருமபுரி அணியோடு லெதர் பால் ஆட்டம், 30 ஓவர். 22ஆவது ஓவர் முடிந்ததும் அம்பயர் பந்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அவனிடம் பேண்ட் பையைக் காட்டச் சொன்னார். உள்ளே பந்தைக் கீற ஒரு சோடா மூடி. பந்தை மாற்றி, எதிரணிக்கு 5 ரன் கொடுத்தார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழு அன்றிரவே இரண்டாகிவிட்டது. ‘யார்தான் செய்யல’ என்று பாதிப்பேர். ‘அப்போ இத்தனை வருஷம் எடுத்த விக்கெட்டெல்லாம் திருட்டா’ என்று மீதிப்பேர். அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது?

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

பக்கம் சேர்வதற்கு முன்னால் அந்தப் பந்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். செம்மண்ணில் உருண்டு தேய்ந்த பந்தில் கீறல்கள் கண்ட திசையிலும் கிடக்கும். மண் ஏறி, கீறலின் அடிகூட பழுப்பாக இருக்கும். மூடியின் பல்லால் இழுத்தது அப்படி இராது. கட்டைவிரல் எட்டுகிற இடத்துக்குள் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வாக்கில் ஓடும், அடியில் தோல் வெளிறித் தெரியும். தையலையும் தடவுங்கள். சுற்றிலும் படிந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் நூல் எழும்பி நின்றால் யாரோ நகம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. 2006 ஓவல் டெஸ்டில் பந்தின் நிலையைப் பார்த்தே பாகிஸ்தானுக்கு 5 ரன் அபராதம் போட்டார்கள். அவர்கள் களத்துக்கு வர மறுக்க, ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனது. அடுத்த மாதம் நடந்த விசாரணையில் பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் கேப்டன் இன்சமாம் விடுவிக்கப்பட்டார். களத்துக்கு வராததற்குத்தான் தண்டனை. உங்கள் ஆள் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. மூடியே கிடைத்துவிட்டது.

‘யார்தான் செய்யல’ கட்சிக்கு வருவோம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 1994இல் லார்ட்ஸில் பாக்கெட்டில் மண் வைத்திருந்த இங்கிலாந்து கேப்டன் ஆதர்டனுக்கு அபராதம். 2010இல் பெர்த்தில் பந்தைக் கடித்த பாகிஸ்தானின் அஃப்ரிடிக்கு இரண்டு டி20 ஆட்டத் தடை. 2004 ஜனவரியில் பிரிஸ்பேனில், வாயிலிருந்த மிட்டாய் பந்தில் பட்டதற்கு நம் திராவிடுக்கே ஆட்டச் சம்பளத்தில் பாதி போனது. ஓசூர் பக்கம், பெங்களூர்க்காரரான அவரைப் பற்றி இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான். அதற்காக மிட்டாயும் மூடியும் ஒன்றாகிவிடாது. ஒன்று பளபளப்பு ஏற்றுவது, இன்னொன்று தோலை அறுப்பது. விதி இரண்டையும் தடுக்கிறது. வியர்வை தவிர வேறு பொருள் எதுவும் சேர்க்காமல் துணியில் தேய்க்கலாம், ஈரமானால் துடைக்கலாம், ஒட்டிய மண்ணை அம்பயர் கண்முன் எடுக்கலாம். எச்சில்கூட 2022லிருந்து சட்டத்திலேயே கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூடியால் அவனுக்குப் பெரிய லாபம் இருந்திருக்காது. ரிவர்ஸ் ஸ்விங், அதாவது பழைய பந்து பளபளப்பான பக்கம் வளைவது, கேட்பது வேகம். மணிக்கு 135, 140 கிலோமீட்டரில் போடுகிறவருக்குத்தான் அது நன்றாகக் கைகொடுக்கும். 110இல் போடுகிறவருக்குப் பந்து பெரும்பாலும் சொரசொரப்பான பக்கமே வளையும், ஏனென்றால் அந்தப் பக்கத்துக் காற்று கலைந்து பந்தைக் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சொரசொரப்பை நம் ஊர்க் கட்டாந்தரையும் பிட்ச்சில் விரிக்கிற மேட்டிங்கும் இருபது ஓவருக்குள் இனாமாகவே தந்துவிடும். இங்கே கஷ்டமான வேலை மறுபக்கத்தைப் பளபளப்பாகக் காப்பாற்றுவது. வியர்வையைத் தொட்டுத் தொட்டுப் பேண்டில் தேய்க்க வேண்டும். பதினோரு பேரும் செய்ய வேண்டும், சொரசொரப்பான பக்கத்தில் ஈரக்கை படாமல். ஒருவன் சோம்பினாலும் போச்சு. அந்த உழைப்புக்குக் குறுக்கு வழியாகத்தான் மூடி வருகிறது.

பந்தைத் தேய்த்துக் கொடுக்கிற மிட் ஆஃப் ஆளுக்கும் கீப்பருக்கும் விரலில் அந்தக் கீறல் தட்டாமலா இருந்திருக்கும்? கேள்வியை அவனோடு நிறுத்தாதீர்கள்.

2018 மார்ச் 24, கேப்டவுன், தென்னாப்பிரிக்காவோடு ஆஸ்திரேலியாவின் டெஸ்ட். பெரிய திரையில் தன்னைப் பார்த்ததும் ஆஸ்திரேலியாவின் பாங்கிராஃப்ட் மஞ்சள் துண்டு ஒன்றைப் பேண்டுக்குள் செருகினார். அம்பயர்கள் கேட்டபோது கறுப்புத் துணியை எடுத்துக் காட்டினார். மாலையில் பத்திரிகையாளர்களிடம் அது ஒட்டும் டேப் என்றார். சில நாளில் உப்புத்தாள் என்று தெரிந்தது. அம்பயர்கள் பந்தை மாற்றவில்லை, 5 ரன்னும் கொடுக்கவில்லை. ஐசிசி அவர்கள் கேப்டன் ஸ்மித்துக்கு விதித்தது ஒரே ஒரு டெஸ்ட் தடை. கிரிக்கெட் ஆஸ்திரேலியாதான் அவருக்கும் துணை கேப்டன் வார்னருக்கும் 12 மாதம், பாங்கிராஃப்டுக்கு 9 மாதம் என்று நீட்டியது. அதன் குற்றப் பட்டியலில் பந்தோடு சேர்த்து, மறைத்ததும் தவறான தகவல் சொன்னதும் இருந்தன. இத்தனைக்கும் ஆஸ்திரேலியா 107க்குச் சுருண்டு 322 ரன்னில் தோற்றது.

ஆகவே அவன் வாய் திறக்காததுதான் எனக்கு மூடியைவிட உறுத்துகிறது. குழுவில் வைத்துக் கேட்காதீர்கள், அங்கே யாரும் உண்மை சொல்வதில்லை. டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எப்போதிலிருந்து? யாருக்கெல்லாம் தெரியும்? கேப்டனுக்குத் தெரியுமா?

பழைய விக்கெட்டுகள் பற்றிக் கேட்டீர்கள். விதிப்படி விழுந்த விக்கெட் திரும்பி வராது, ஸ்கோர் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கும். அந்தப் புத்தகத்தையே எடுங்கள். பௌலிங் பக்கத்தில் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு கட்டம் இருக்கும், விக்கெட் விழுந்த கட்டத்தில் ஒரு குறி. புதுப் பந்தில் போட்ட முதல் ஸ்பெல்லின், அதாவது தொடக்கத்தில் தொடர்ந்து வீசிய ஓவர்களின், குறிகளைத் தனியாக எண்ணுங்கள். முதல் எட்டுப் பத்து ஓவரில் தோலைக் கீறி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, இருக்கிற பளபளப்பைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். அவை அவன் கையால் வந்தவை, தயங்காமல் கொண்டாடலாம். இருபது ஓவருக்குப் பிறகு விழுந்தவை மேல் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். அவன் பேசினால் கொஞ்சம் குறையலாம்.

மூன்று சீசன் புத்தகம் இருந்தால் ஒரு மாலை வேலை. எண்ணிவிட்டு எழுதுங்கள்.