பெரிய ஆட்களைத் தெரியாத மாணவர்களுக்கு: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

முன்மாதிரியாக யாரைப் பார்ப்பது, தொழில் உலகில் ஆட்களை எப்படிப் பழகிக்கொள்வது என்று உயர்தரப் பிள்ளைகள், கம்பஸ் பிள்ளைகள், தொழிற்பயிற்சி மாணவர்கள், ஒரு அம்மா எனப் பலர் கேட்டிருந்தீர்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். தொழில் வழிகாட்டலில் இருப்பதால் இவற்றில் பாதியை வாரந்தோறும் நேரிலும் கேட்கிறேன்.

துணுக்காய், உயர்தரம் கணிதப் பிரிவு: "அக்கா, எங்கட ஊரில் பொறியியலாளர் என்று ஒருத்தரும் இல்லை. யாரைக் கேட்டாலும் அப்துல் கலாம் என்கிறார்கள். நான் யாரைப் பார்த்துப் படிப்பது?"

கலாமைப் பிடித்தால் பிடிக்கட்டும். ஆனால் நிலையியல் கணக்கு பிடிபடவில்லை, என்ன செய்யட்டும் என்று அவரிடம் கேட்க முடியாது. தூரத்தில் ஒருவர், கிட்டத்தில் ஒருவர் என இரண்டு பேர் வேண்டும்.

தூரத்துக்கு நான் சொல்வது பிரேமளா சிவசேகரம். இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர், தமிழ்ப் பெண். பொறியியல் வகுப்பில் பெண் பிள்ளை உட்காருவதே புதினமாக இருந்த 1960களில் படித்து முடித்தவர். இந்தத் துறைக்குள் நமக்கு இடம் உண்டா என்ற சந்தேகம் தீர அவர் போதும்.

கிட்டத்து ஆள்தான் முக்கியம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து போன பிள்ளை ஒருவரைத் தேடுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. அப்படியென்றால் உங்களைப் போலவே ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த பள்ளிக்கூடத்தில் படித்து, உங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார். எந்தப் பாடத்துக்கு எந்தக் காலத்தில் எவ்வளவு நேரம் வைத்தார் என்று அவரிடம் கேட்டால் உங்களுக்கு அப்படியே பொருந்தும் பதில் கிடைக்கும். ஆளைக் கண்டுபிடிக்க உங்கள் அதிபரையோ வலயத்துக் கணித ஆசிரிய ஆலோசகரையோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்றும் பொறியியலுக்குப் போவதில்லை.

புதுக்குடியிருப்பு, உயர்தரம் கலைப் பிரிவு: "எங்கள் சந்ததிக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் படிப்பை இழந்தவர்கள். ஊரில் முன்மாதிரி என்று காட்ட ஆள் இல்லை."

இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். 2009 ஓகஸ்ட்டில், போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்துகொண்டே உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். புத்தகம் இல்லை, குறிப்புக் கொப்பி இல்லை, வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார் என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது. அவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து வயதளவில் இருக்கும். ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், தாதி, வங்கி ஊழியர் என்று இதே வன்னிக்குள் வேலை செய்கிறார்கள். உங்கள் வகுப்பறைக்கே ஒருவர் பாடம் எடுக்க வருகிறாரோ யார் கண்டது!

அவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாதங்களின் கதையைக் கேட்காதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். "விட்ட பாடத்தை எப்படிப் பிடித்தீர்கள், யாரிடம் குறிப்பு வாங்கினீர்கள், முதல் வேலை எப்படிக் கிடைத்தது" என்று படிப்பையும் வேலையையும் பற்றி மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. ஒரு மனிதரை முழுசாகத் தூக்கி வைக்க வேண்டாம். கணக்கு எழுதும் ஒழுங்கை ஒருவரிடமும் கூட்டத்தில் எழும்பிப் பேசும் துணிவை இன்னொருவரிடமும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அவர்களில் ஒருவர் ஏதாவது பிழை விட்டாலும் உங்கள் பாதை இடியாது.

வவுனியா பல்கலைக்கழகம், வியாபாரக் கற்கைகள்: "லிங்க்ட்இன்னில் ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்துவிட்டேன். வேலை பற்றிக் கேட்டால் ஒருவரும் பதில் போடுவதில்லை. கொழும்பில் ஆள் தெரியாவிட்டால் இது சரிவராதா?"

அந்த ஐந்நூறு பேரில் எத்தனை பேருக்கு உங்களைத் தெரியும்? பொத்தானை அழுத்திச் சேர்த்தவர் அறிமுகமானவர் ஆகமாட்டார்.

ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எப்போதாவது சந்திப்பவர்கள் மூலம் பெற்றார்கள். காரணம் லேசானது: நெருங்கிய சிநேகிதருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும், புதுச் செய்தி வெளி ஆளிடமிருந்துதான் வரும். 2022இல் லிங்க்ட்இன்னிலேயே சுமார் இரண்டு கோடிப் பேரின் தரவை வைத்துச் செய்த பரிசோதனையும் ஏறக்குறைய அதையே காட்டியது. மிக நெருங்கியவரையும் ஏறக்குறைய அந்நியரானவரையும் விட, கொஞ்சம் தெரிந்தவர் அதிகம் உதவினார். ஆகவே பெரியப்பா கொழும்பில் மனேஜராக இல்லை என்று கவலைப்படாதீர்கள். முழு அந்நியரைக் கொஞ்சம் தெரிந்தவராக மாற்றுவதுதான் உங்கள் வேலை.

அதற்கு முதலில் உங்கள் பீடத்தில் படித்து மூன்று நான்கு வருடம் முன் வெளியேறியவர்களைத் தேடுங்கள். பம்பைமடுவில் அதே பஸ்சுக்குக் காத்து நின்றவர் என்பதே பாதி அறிமுகம். பிறகு இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் அண்ணா. நான் வவுனியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நீங்களும் இங்கே படித்து இப்போது கணக்காய்வில் வேலை செய்வதைப் பார்த்தேன். எனக்கும் அந்தத் துறையில் விருப்பம். பயிற்சிக்கு விண்ணப்பிக்க முன் எக்செல்லில் எந்தப் பகுதியைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வீர்களா? நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போட்டால் போதும்."

வேலை கேட்கவில்லை, சுயவிபரக்கோவையையும் அனுப்பவில்லை. பதில் எழுத அவருக்கு இரண்டு நிமிடம் போதும். பதில் வந்தால் அவர் சொன்னதைச் செய்யுங்கள். மூன்று வாரம் கழித்து, "நீங்கள் சொன்ன பிவட் அட்டவணையைப் பழகினேன், எங்கள் சனசமூக நிலையக் கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன்" என்று அறிவியுங்கள். அனேகமானோர் விடுவது இந்த இரண்டாவது கடிதத்தைத்தான். என்னிடமே ஆலோசனை கேட்டுவிட்டுப் போன பிள்ளைகளில் என்ன நடந்தது என்று திரும்பிச் சொன்னவர்களைத்தான் நினைவிருக்கிறது. எங்காவது வெற்றிடம் இருக்கிறது என்று காதில் விழுந்தால் அவர்கள் முகம்தான் முதலில் வரும்.

பதில் வராவிட்டால் ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்குமேல் வேண்டாம், அடுத்தவரிடம் போங்கள்.

முழங்காவில், தொழில்நுட்பப் பிரிவு: "இங்கிலீஷில் எழுதப் பயம்."

தமிழருக்குத் தமிழில் எழுதுங்கள். இங்கிலீஷ் தேவைப்படுகிற இடத்தில் நாலு வரியைச் சொந்தமாக எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள். கூடவே சிங்களம் பேசப் பழகுங்கள். இந்த நாட்டு வேலைத்தளத்தில் அது திறக்கிற கதவுகள் அதிகம், நம் பிள்ளைகள்தான் அதைக் குறைவாக மதிக்கிறார்கள்.

விசுவமடு, ஒரு தாய்: "மகள் முன்பின் தெரியாத ஆம்பிளைகளுக்குத் தொழில் விஷயம் என்று மெசேஜ் போடுகிறாள். மறிக்கவும் மனமில்லை, விடவும் பயமாக இருக்கிறது."

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. மறித்தால் உங்களுக்குத் தெரியாமல் செய்வாள், அது இன்னும் ஆபத்து. எழுதுவதைச் சொந்தத் தொலைபேசி இலக்கம் கொடுக்காமல் மின்னஞ்சலில் எழுதச் சொல்லுங்கள். முதல் சந்திப்பு அலுவலகத்திலோ பாடசாலையிலோ பகலில் நடக்கட்டும், நீங்களோ ஒரு ஆசிரியரோ கூடப் போங்கள். உண்மையாக உதவ நினைப்பவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். இரவில் அழைப்பது, படம் கேட்பது, "வீட்டில் சொல்ல வேண்டாம்" என்பது, இதில் ஒன்று வந்தாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். துறையில் இருக்கிற பெண்களை முதலில் தேடச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையிலும் வங்கியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், தங்கச்சி ஒருத்தி கேட்டால் மறுப்பது அரிது.

பரந்தன், தொழிற்பயிற்சி மாணவர்: "இதெல்லாம் கம்பஸ்காரருக்குத்தானே? நான் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) நான்காம் தரத்தில் மின்னிணைப்பு படிக்கிறேன்."

தம்பி, உங்களுக்குத்தான் இது இன்னும் கூடுதலாகத் தேவை. பட்டதாரிக்காவது வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். வயரிங் வேலை வாயால் சொல்லித்தான் வருகிறது. வேலைத்தளப் பயிற்சிக்குப் போகிற இடத்தில் மேற்பார்வையாளர், ஒப்பந்தகாரர், சாமான் எடுக்கிற ஹாட்வெயார் கடைக்காரர் மூவருக்கும் உங்கள் பெயர் தெரிய வேண்டும். செய்து முடித்த வேலையை, வீட்டுக்காரரின் அனுமதியோடு, படம் எடுத்து வையுங்கள்: சுவருக்குள் மறைய முன் வயர்க் குழாய் போன விதம், மின்பலகையின் உள்பக்கம். சொன்ன நேரத்துக்குப் போங்கள், போக முடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். இந்தத் தொழிலில் அது ஒன்றே பாதிப் பேரிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டும்.

நான்காம் தரத்தோடு நிற்கவும் வேண்டாம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் தரம் பட்டத்துக்குச் சமம். அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வெயில் தாழ்ந்த ஒரு நாளில் போய் அங்கே படிக்கிறவர்களோடு கதைத்துப் பாருங்கள்.

கிளிநொச்சி, கணினி விஞ்ஞானம்: "கனடாவில் மாமா இருக்கிறார். வேலை விஷயமாகக் கேட்டால் காசு கேட்கிறேன் என்று நினைப்பாரோ?"

காசு கேட்கவில்லை என்பது கேள்வியிலேயே தெரிய வேண்டும். "மாமா, உங்கள் கொம்பனியில் மென்பொருள் சோதனை செய்கிற ஒருவரோடு இருபது நிமிடம் கதைக்க ஒழுங்கு செய்வீர்களா" என்று கேளுங்கள். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. இங்கே சனிக்கிழமை இரவு எட்டரை என்றால் கோடையில் அங்கே காலை பதினொரு மணி, ஆறுதலாக இருப்பார்கள். அவருக்கு வேலைநாள் விடியற்புறத்தில் போன் அடிக்காதீர்கள்.

"எனக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லையே" என்று இன்னும் சிலர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றும் 'நூலகம்' போன்ற எண்ணிமத் திட்டங்களுக்கும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் வேலை செய்ய ஆட்கள் வேண்டும். வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கிற தமிழ்க் கணினி ஆட்களோடு ஒரே வேலையில் தோளோடு தோள் நிற்கலாம். அப்படிப் பழகியவரிடம் பிறகு எதையும் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

மாங்குளம்: "பேஸ்புக்கில் அறிமுகமான ஒருவர் தாய்லாந்தில் கணினி வேலை, ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் சம்பளம் என்கிறார். இதுவும் தொடர்புதானே?"

இல்லை. போகாதீர்கள். இப்படித் தாய்லாந்து என்று கூட்டிப்போய் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான்: "உயர்தரம் எழுதிவிட்டேன். பெறுபேறு வந்து கம்பஸ் தொடங்கும்வரை சும்மாதான் இருக்க வேண்டும். உயிரியல் படித்தேன், விவசாயம் விருப்பம்."

அந்த இடைவெளி மாதக்கணக்கில் இழுக்கும், சில வருடங்களில் ஒரு வருடத்தையும் தாண்டும். உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். அவர் வயலுக்குப் போகிற நாட்களில் கூடவரலாமா என்று கேளுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம், பெயர்ப்பட்டியல் எழுத, மண் மாதிரி எடுக்க உதவுங்கள். எந்த விவசாயி எந்த நெல்லினம் போடுகிறார், எங்கே நோய் விழுந்தது என்று ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் கிளிநொச்சியில்தான். ஒரு போகம் முடிய அந்தக் கொப்பியோடு அங்கே போய் விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டி, "சேர், இந்த நோயைப் பற்றி எனக்கு விளங்கவில்லை" என்று கேளுங்கள். போக முன் மின்னஞ்சலில் நேரம் கேட்டு விடுங்கள், பரீட்சைக் காலத்தில் அவர்களைப் பிடிக்க முடியாது.