வேல்ஸ் டவுன் கவுன்சில்: கிளார்க்கிடம் கேளுங்கள்

வேல்ஸில் 22 கவுண்டி கவுன்சில்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே எழுநூறுக்கு மேற்பட்ட டவுன், கம்யூனிட்டி கவுன்சில்கள் இயங்குகின்றன. அங்கே குடியேறிய நம்மவர்கள் பலருக்கு இவை கவுன்சில் டாக்ஸ் (வீட்டு வரி) பில்லில் வரும் ஒரு தனித் தொகை, அவ்வளவுதான். இந்தக் கவுன்சில்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, இந்த வேலையை உள்ளிருந்து அறிந்த ஒரு கிளார்க் (கவுன்சிலின் நிர்வாக அலுவலர்) பதில் சொல்கிறார்.

கேள்வி (பவிஸ்): அக்கா, இரண்டு வாரமாகக் குப்பை எடுக்கவில்லை. டவுன் கவுன்சிலுக்குப் போன் செய்தால் "எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். நம்மூர் பேரூராட்சி மாதிரிதானே இதுவும்?

பதில்: ஊரின் அளவு பேரூராட்சி மாதிரிதான், அதிகாரம் மிகக் குறைவு. குப்பை, ரோடு, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, கட்டட அனுமதி எல்லாமே கவுண்டியிடம். டவுன் கவுன்சில் பார்ப்பது பூங்கா, விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், அலாட்மென்ட் எனப்படும் வாடகைத் தோட்ட நிலம், பஸ் நிழற்குடை, பெஞ்சு, போர் நினைவுத்தூண், கிறிஸ்துமஸ் விளக்கு. இவற்றிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு.

கவுண்டிகள் செலவைச் சுருக்கத் தொடங்கிய பிறகு பொதுக் கழிப்பறைகளும் பல ஊர்களில் டவுன் கவுன்சில் தலையில் வந்து சேர்ந்தன. உங்கள் ஊரிலும் அந்தப் பேச்சு நடந்தால், கையெழுத்துப் போடுமுன் மூன்று வருடத் தண்ணீர், மின்சார பில்களைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் பொதுக் கழிப்பறைக்கு வணிகக் கட்டட வரி கிடையாது. பொதுக் கழிப்பறைகளுக்கென்றே வந்த 2021 சட்டம் அதை நீக்கிவிட்டது. ஆனால் சுத்தம் செய்யும் கூலியும் குளிர்காலத்தில் வெடிக்கும் குழாயும் அப்படியே இருக்கின்றன.

கேள்வி (கார்மார்தன்ஷயர்): பில்லில் டவுன் கவுன்சிலுக்கு என்று வரும் தொகையை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: அதற்குப் பெயர் பிரிசெப்ட். கவுன்சில் முதலில் அடுத்த ஆண்டுச் செலவைக் கூட்டும்: கிளார்க் சம்பளம், இன்சூரன்ஸ், புல்வெட்டு, ஆடிட் கட்டணம், பராமரிப்பு. அதிலிருந்து கல்லறைக் கட்டணம், வாடகை போன்ற வருமானத்தைக் கழித்தால் மிஞ்சுவது பிரிசெப்ட். அதைக் கவுண்டி உங்களிடம் வசூலித்து டவுன் கவுன்சிலுக்குக் கொடுத்துவிடும்.

கணக்கு எளிது. வரிக்காக வீடுகளை மதிப்பின்படி வகுப்புகளாகப் பிரிப்பார்கள், "பேண்ட் டி" அதில் பொது அளவுகோல். உங்கள் ஊரின் வீடுகளை எல்லாம் அந்த அளவுக்கு மாற்றினால் 1,200 வருகிறது என்று வையுங்கள். பிரிசெப்ட் 84,000 பவுண்டு என்றால் ஒரு பேண்ட் டி வீட்டுக்கு ஆண்டுக்கு 70 பவுண்டு. 1,200 பவுண்டுக்குப் புதிதாக ஒரு பெஞ்சு போட்டால் ஒரு வீட்டுக்கு 1 பவுண்டு கூடும். எந்த விவாதத்திலும் இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்திருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தவறு எங்கே நடக்கிறது? பிரிசெப்ட் எவ்வளவு என்று கவுண்டி பெரும்பாலும் ஜனவரியில் கேட்கும். பட்ஜெட் பேச்சை ஜனவரியில்தான் தொடங்கும் கவுன்சில், போன வருடத் தொகையில் ஐந்து சதவீதம் கூட்டி அனுப்பிவிடும். அக்டோபரில் தொடங்கி, நவம்பரில் வரைவு பார்த்து, டிசம்பரிலோ ஜனவரி முதல் கூட்டத்திலோ தீர்மானம் போடுவதுதான் சரி. தேர்தல் செலவைக் கவுண்டி டவுன் கவுன்சிலிடமே வசூலிக்கக்கூடும். தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பதால் ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அடுத்தது 2027 மே.

கேள்வி (க்வினெத், புதிதாகக் கவுன்சிலர் ஆனவர்): அஜெண்டாவில் "இதர விஷயங்கள்" என்று கடைசியில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு பூங்கா கேட்டுக்குப் பணம் ஒதுக்க முன்மொழிந்தேன், எல்லோரும் கை தூக்கினார்கள். கிளார்க் மட்டும் செல்லாது என்கிறார். ஏன் இவ்வளவு கெடுபிடி?

பதில்: உங்கள் கிளார்க் சொல்வதுதான் சரி. எது தீர்மானிக்கப்படப்போகிறது என்பது முன்கூட்டியே ஊருக்குத் தெரிய வேண்டும். அதனால் கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாள் முன்பாக, இணையத்திலும் ஊரில் கண்ணில் படும் இடத்திலும் அறிவிப்பு வர வேண்டும். கவுன்சிலர்களுக்குப் போகும் அழைப்பிலும் அலுவல் விவரம் இருக்க வேண்டும். "இதர விஷயங்கள்" என்றால் யாருக்கு என்ன தெரியும்? அந்தத் தலைப்பில் தகவல் சொல்லலாம், பணத்தைத் தொடக் கூடாது.

முழு நாள் எண்ணுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அறிவிப்பு ஒட்டிய நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. ஞாயிறும் வங்கி விடுமுறையும் வராது. திங்கள் இரவு கூட்டம் என்றால் முந்திய செவ்வாயே ஒட்டிவிடுங்கள். புதன், வியாழன், வெள்ளி மூன்றும் ஐயமின்றி நிற்கும். ஈஸ்டர் வாரத்தில் இன்னும் முன்னதாக. கேட் விஷயத்தை அடுத்த அஜெண்டாவில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "பூங்கா வடக்கு கேட்டைப் பழுதுபார்க்க மூன்று விலைப்புள்ளிகளைப் பரிசீலித்து, ஒன்றை ஏற்பது." இப்படி எழுதினால் தீர்மானம் பாதி எழுதி முடிந்த மாதிரி.

கூட்டம் முடிந்ததும் இன்னொரு கெடு ஓடுகிறது. 2021இன் உள்ளாட்சி, தேர்தல்கள் (வேல்ஸ்) சட்டப்படி, யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தன் நலன் சம்பந்தப்பட்டதாக அறிவித்தார்கள், என்ன முடிவானது என்ற சுருக்கக் குறிப்பு ஏழு வேலை நாளுக்குள் இணையத்தில் ஏற வேண்டும். முழு மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைப் பதிவு) அடுத்த மாதம் ஒப்புதல் பெறட்டும், குறிப்பு காத்திருக்கக் கூடாது.

அதே சட்டம் வீட்டிலிருந்தும் கூட்டத்தில் சேர வழி செய்கிறது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வேண்டும் என்பதுதான் நிபந்தனை. குறைந்தபட்ச வருகை மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு, எப்படியும் மூன்று பேருக்குக் குறையாமல். 12 பேர் கவுன்சிலில் சரியாக நான்கு பேர் இருக்கும்போது ஒருவரின் இணைப்பு அறுந்தால் கூட்டம் அங்கேயே நிற்கிறது. வாக்கெடுப்புக்கு முன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் நல்லது.

கேள்வி (ஸ்வான்சீ அருகே, தாதி): நான் இந்தியக் குடிமகள், ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இருக்கிறேன். வாக்களிக்க முடியுமா? கவுன்சிலில் ஓரிடம் காலி என்று நோட்டீஸ் பார்த்தேன், நானே சேரலாமா?

பதில்: வாக்கு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியான விசாவோடு வசிப்பவர் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். வேல்ஸ் உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதிலேயே வாக்குரிமை, பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

போட்டியிடுவதற்கு விதி கடுமை. காமன்வெல்த் குடிமக்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். அதோடு அந்த ஊர் வாக்காளராகவோ, 12 மாதம் முழுக்க அங்கே அல்லது மூன்று மைலுக்குள் வசித்தவராகவோ, ஊருக்குள் வேலை பார்த்தவராகவோ இருக்க வேண்டும். உங்கள் விசாவில் இப்போது முடியாது. நிரந்தர அனுமதி கிடைத்த அன்றே முடியும்.

காலியிடம் நிரம்பும் முறை இது: நோட்டீஸ் ஒட்டிய பின் 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல். அத்தனை பேர் கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைத் தேர்ந்து சேர்த்துக்கொள்ளும். அதற்கும் பொது அறிவிப்பு கட்டாயம். தெரிந்தவரைச் சத்தமில்லாமல் உட்கார வைக்க முடியாது.

கேள்வி: சம்பளம் உண்டா?

பதில்: சம்பளம் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் செலவுக்கு ஆண்டுக்கு 156 பவுண்டு, காகிதம், மை போன்றவற்றுக்கு 52 பவுண்டு. வேண்டாம் என்றால் கவுன்சிலர் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். "எங்கள் கவுன்சிலில் யாரும் வாங்குவதில்லை" என்று மொத்தமாகத் தீர்மானம் போடுவது தவறு. பணம் தேவைப்படும் ஒருவரை அது வாயடைத்துவிடும்.

கேள்வி (மான்மத்ஷயர்): ஊர் கால்பந்து கிளப் 5,000 பவுண்டு கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுதான் முதல் கேள்வி. டவுன் கவுன்சில் சட்டம் அனுமதித்ததை மட்டுமே செய்யலாம். வேறு பிரிவு எதுவும் பொருந்தாவிட்டால் 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2024-25இல் ஒரு வாக்காளருக்கு 10.81 பவுண்டு. 3,000 வாக்காளர் உள்ள ஊரில் எல்லா நன்கொடையும் சேர்ந்து 32,430 பவுண்டு வரை. தனி நபருக்குக் கொடுக்க முடியாது. செலவுக்கு ஈடான பயன் ஊருக்குக் கிடைக்க வேண்டும். கணக்கில் தனிப் பத்தியில் எழுத வேண்டும்.

இதற்கு விலக்காக, தகுதி பெற்ற கவுன்சிலுக்குப் பொது அதிகாரம் என்று ஒன்று கிடைக்கும். அது இருந்தால் சட்டம் தடுக்காததை எல்லாம் செய்யலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தேர்தலில் வந்தவராக இருக்க வேண்டும் (போட்டியின்றி வந்தாலும் சரி). கிளார்க்குக்கு உரிய தகுதிச் சான்று வேண்டும். கடைசி இரண்டு ஆண்டு ஆடிட் குறையில்லாமல் இருக்க வேண்டும். கிளார்க் மாறினால் இந்தத் தகுதி போகலாம். ஆண்டுதோறும் சரிபாருங்கள்.

கிளப் செயலாளரின் கணவர் கவுன்சிலர் என்றால், அவர் அறிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். மூலையில் பேசாமல் உட்காருவது போதாது.

கேள்வி (நியூபோர்ட் அருகே): விளையாட்டுத் திடலில் ஊஞ்சலைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. ஒரு ஊஞ்சலுக்கு இத்தனை நாளா?

பதில்: குழந்தைகள் விஷயம் என்பதால் இதில் அவசரத்தை விடக் கவனம் முக்கியம். ஆனால் மூன்று மாதம் பெரும்பாலும் திட்டமிடாததன் விளைவு.

முறையான பரிசோதனை மூன்று அடுக்கு. வாரம் ஒருமுறை கண்ணால் பார்ப்பது: உடைந்த கண்ணாடி, நாய் அசிங்கம், தளர்ந்த போல்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்மானப் பரிசோதனை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து தகுதி பெற்ற பரிசோதகர், இ.என். 1176 என்ற ஐரோப்பிய விளையாட்டுக் கருவித் தரத்தின்படி. எல்லாவற்றிலும் தேதியும் கையெழுத்தும் வேண்டும். யாராவது விழுந்து வழக்கு வந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது அந்த வாரக் குறிப்பேட்டைத்தான்.

ஊஞ்சலில் முதலில் தேய்வது சங்கிலி மேலே தொங்கும் வளையமும் புஷ்ஷும் (அச்சைச் சுற்றிய உறை). வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே உலோகம் பாதியாகியிருக்கும். மரத்தூண் மண்ணும் காற்றும் சேரும் மட்டத்தில் அழுகும். வேல்ஸ் மழையில் அது சீக்கிரம். தரைமட்டத்திலிருந்து சற்றுத் தோண்டி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும், எளிதாக இறங்கினால் தூண் போய்விட்டது. ரப்பர் தளம் ஓரங்களில் சுருங்கி இடைவெளி விடும், அங்கே கால் தடுக்கும். மரப்பட்டைத் தூள் போட்ட இடத்தில் 300 மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும். ஊஞ்சலுக்கு அடியில்தான் கால் உதைத்து உதைத்து முதலில் குழியாகும்.

வாங்கும்போதே உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்டு, இருக்கையும் சங்கிலியும் ஒரு செட் கிடங்கில் வைத்திருந்தால் மூன்று மாதம் மூன்று நாளாகும். சிறு பழுதுகளைக் கூட்டத்துக்குக் காத்திராமல் கிளார்க்கே செய்ய, நிதி விதிகளில் ஒரு தொகை வரை அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பொதுமக்கள் பேச நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

கேள்வி (ரெக்ஸம்): மாமனாரை அடக்கம் செய்த அதே குழியில் மாமியாருக்கும் இடம் என்று வாங்கியிருந்தோம். இப்போது கிளார்க் பத்திரம் கேட்கிறார்.

பதில்: உங்கள் துக்கத்தில் இந்த அலைச்சல் கொடுமைதான், ஆனாலும் அவர் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் வாங்கியது நிலத்தை அல்ல, அந்தக் குழியில் அடக்கம் செய்யும் தனியுரிமையை. உள்ளாட்சிக் கல்லறைகளுக்கான 1977 ஆணைப்படி அதிகபட்சம் 100 ஆண்டு. பத்திரம் மாமனார் பெயரில் இருந்தால், அவரது வாரிசுக்கு உரிமை மாற்றப்பட வேண்டும். உயில் நிரூபணச் சான்று இருந்தால் நகல் போதும். இல்லாவிட்டால் வழக்கறிஞர் முன் உறுதிமொழிப் பத்திரம். மற்றப் பிள்ளைகளின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

ஆழத்தையும் இப்போதே கேளுங்கள். மேலே வரும் பெட்டியின் மீது மூன்றடி மண் இருக்க வேண்டும், மண் ஏற்றதாக இருந்தால் கவுன்சில் இரண்டடிக்கு அனுமதிக்கலாம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆறு அங்குல மண் வேண்டும். முதல் குழி ஆழமாகத் தோண்டப்படவில்லை என்றால் இடம் இருக்காது, பதிவேட்டில் அந்த விவரம் இருக்கும். கல் நடுவதற்குத் தனி அனுமதி. மண் அமர ஆறு மாதமாவது விடுங்கள், இல்லாவிட்டால் கல் சாயும்.

கேள்வி (ஆங்கிள்சி): கூட்டம் முழுக்க வேல்ஸ் மொழியில். எனக்குப் புரியாது, போகலாமா?

பதில்: தாராளமாக. வடமேற்கில் பல கவுன்சில்கள் அப்படித்தான் நடக்கின்றன, உடனடி மொழிபெயர்ப்புக்கு ஹெட்போன் கொடுப்பார்கள். மொழிபெயர்ப்பாளரை முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால் ஒரு வாரம் முன்பே கிளார்க்குக்குச் சொல்லுங்கள். தாய்மொழியில் ஊரை ஆள வேண்டும் என்ற அவர்களின் பிடிவாதம் நமக்குப் புரியாததா என்ன?

கேள்வி: எங்கள் வீதியில் 20 மைல் வேகத்தை மாற்ற டவுன் கவுன்சில் தீர்மானம் போட்டால் போதுமா?

பதில்: போதாது. 2023 செப்டம்பர் 17 முதல் தெருவிளக்குள்ள குடியிருப்புச் சாலைகளில் 20 மைல்தான் பொது அளவு. விலக்குத் தரும் அதிகாரம் கவுண்டிக்கு, பெருஞ்சாலை என்றால் வேல்ஸ் அரசுக்கு. டவுன் கவுன்சில் கருத்து அனுப்பலாம்.

கேள்வி (செரிடிகியன்): கணக்குகளை நான் நேரில் பார்க்க முடியுமா? கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ?

பதில்: தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. மார்ச் 31இல் கணக்கு முடியும், ஜூன் 30க்குள் கவுன்சில் ஒப்ப வேண்டும். ஆடிட்டை ஒட்டி 20 வேலை நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும், தேதிகள் அறிவிப்புப் பலகையில் வரும். கிளார்க்குக்கு எழுதி நேரம் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலோர் பகுதிநேரப் பணியாளர்கள். மொத்தக் கணக்கோடு நிற்காமல், ஏதாவது ஐந்து செலவைத் தேர்ந்து பில், அதை அனுமதித்த மினிட்ஸ், வங்கி அறிக்கை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில் கவுன்சில் பெயரில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கவுன்சிலர் பெயரில் வாங்கிய பொருளுக்கு வாட் வரியைத் திரும்பப் பெறுவது சிக்கல், ஆறில் ஒரு பங்குப் பணம் அங்கேயே போய்விடும். விளக்கம் திருப்தியில்லை என்றால் வாக்காளர் என்ற முறையில் வேல்ஸ் தலைமைத் தணிக்கையாளருக்குக் கேள்வி அனுப்பலாம்.