மோனாலிசாவுக்கு மீசை வரைந்தவர்கள்

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்து டாடா கலைஞர்கள்தான் உலகின் முதல் மீம் கிரியேட்டர்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? அப்படியென்றால் நம் மீம்களையும் மியூசியத்தில் வைக்க வேண்டியதுதானே?
- வாசகர், ஈரோடு

பதில்: வீடியோக்காரர் சொன்னதில் பாதி சரி. போரின் அபத்தத்துக்கு அர்த்தமின்மையாலேயே பதில் சொன்ன கலை இயக்கம் டாடா. 1919-இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப், மோனாலிசா அச்சடித்த மலிவான தபால் அட்டை ஒன்றில் மீசையும் குறுந்தாடியும் வரைந்தார். அடியில் ஐந்து எழுத்துகள். பிரெஞ்சில் மளமளவென்று படித்தால் பச்சையாக ஒலிக்கும். எல்லாருக்கும் தெரிந்த படம், கொஞ்சம் கிறுக்கல், கீழே ஒரு வரி. இன்றைய மீம் பக்க அட்மின்கள் இதற்கு மேல் ஒன்றும் செய்துவிடவில்லை. டாடா கவிஞர் டிரிஸ்டன் ஸாரா கவிதைக்குச் செய்முறையே எழுதினார்: செய்தித்தாள் கட்டுரையைச் சொல் சொல்லாக நறுக்கு, பையில் போட்டுக் குலுக்கு, கைக்கு வருகிற வரிசையில் எழுது. வரும் கவிதை உன்னைப் போலவே இருக்கும் என்று நக்கல் வேறு.

உத்தி அதேதான். ஆனால் அவர்கள் யாரைச் சீண்டினார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை வீடியோவில் சொன்னார்களா?

ஹியூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் ஜூரிச்சில் டாடா பிறந்த கபரே வோல்தேர் என்ற கேளிக்கை விடுதியைத் திறந்தது 1916 பிப்ரவரியில். அதே மாதம்தான் பிரெஞ்சு, ஜெர்மன் படைகள் மோதிய வெர்டூன் சண்டை தொடங்கியது. நாடு, மானம், நாகரிகம் என்று அர்த்தமுள்ள சொற்களைச் சொல்லிப் பையன்களைச் சாக அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அட்டைக் குழாய்களை மாட்டிக்கொண்டு ஹியூகோ பால் மேடையில் அர்த்தமே இல்லாத ஒலிகளை ஓதினார்.

பெர்லின் டாடாக்காரர்கள் இன்னும் காரம். 1920 கண்காட்சியில், பன்றி முகம் வைத்த ராணுவ அதிகாரி பொம்மையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். ராணுவத்தை அவமதித்ததாக வழக்கு. ஓவியர் கிராஸும் பதிப்பாளர் ஹெர்ட்ஸ்ஃபெல்டேயும் அபராதம் கட்டினார்கள். படங்களை வெட்டி ஒட்டும் ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932-இல் ஹிட்லருக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்தார்: முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் காசு அடுக்கு. மறு வருடம் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அவர் பிராகுக்குத் தப்பி ஓட வேண்டியிருந்தது. ஹானா ஹோக் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிய மாபெரும் கொலாஜின் ஓர் ஓரத்தில், பெண்களுக்கு ஓட்டுரிமை உள்ள ஐரோப்பிய நாடுகளின் வரைபடம் இருக்கிறது. (அந்தப் பெண்மணியைக் கண்காட்சியில் சேர்க்கவே புரட்சிக்கார நண்பர்கள் தயங்கினார்கள். சாண்ட்விச்சும் பீரும் காபியும் தேடிக் கொடுத்தவர் என்றுதான் ஒரு டாடா சகா பிற்பாடு அவரை நினைவுகூர்ந்தார். அட்மின் குழுக்களில் இருக்கும் பெண்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.)

காசு வாங்கிக்கொண்டு கூட்டமாக டிரோல் செய்கிறவர்களையும் இந்த வம்சத்தில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குப் பாட்டன் வேண்டுமென்றால் இத்தாலிக்குப் போக வேண்டும். 1909-இல் கவிஞர் மாரினெத்தி தன் ஃபியூச்சரிஸ்ட் (எதிர்காலவாத) அறிக்கையைப் பாரிஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் வெளியிட்டு, போரைப் புகழ்ந்து, பெண்களை இகழ்ந்து எல்லாரையும் வெறுப்பேற்றினார். அதிர்ச்சி கொடுப்பதில் டாடாவுக்கே அவர்தான் முன்னோடி. 1919-இல் ஃபாசிஸ்டுகளின் அறிக்கையிலும் அவர் கை இருந்தது.

நம் பக்கத்தில் டாடாவுக்கு நெருங்கி வந்தது என்றால், 2019 மே மாதம் மத்திய அரசு பதவியேற்கிற நேரத்தில், தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலுவின் சினிமாப் பாத்திரம் கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்ததைச் சொல்வேன். யாரையும் புண்படுத்தாத, எவருக்கும் பயன்படாத, சுத்தமான கிறுக்குத்தனம்.

அப்புறம், மியூசியம். 1917-இல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்க் கலத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டு நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். ஆறு டாலர் கட்டியவர் எதை அனுப்பினாலும் வைப்போம் என்றவர்கள் அதை மட்டும் வைக்கவில்லை. அசல் தொலைந்துவிட்டது, பிற்பாடு செய்த நகல்களைத்தான் மியூசியங்கள் இப்போது காவல் போட்டுப் பாதுகாக்கின்றன. நம் மீம்களுக்கு அந்த மரியாதை எதற்கு? ஏலக்காரர்கள் ஏற்கெனவே வந்தாயிற்று. வானவில் விட்டுக்கொண்டு பறக்கும் நியான் கேட் பூனை 2021-இல் 300 ஈதருக்கு (ஈதர் ஒரு கிரிப்டோ நாணயம்) ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஐந்தரை லட்சம் டாலருக்கும் மேல்.