எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை: எந்தக் கணக்கை நம்பிப் பேசுவது?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் மகளிர் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்களில் பலருக்கு ரத்தம் குறைவு என்று கேள்விப்படுகிறோம். இந்த வருடம் இரண்டு பேரைப் பிரசவ நேரத்தில் அவசரமாக ரத்தம் ஏற்றக் கொண்டுபோனார்கள். அடுத்த கிராம சபையில் இதைப் பேச நினைக்கிறோம். இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் 48 சதவீதம், இன்னோரிடத்தில் 53, மற்றொன்றில் 52 என்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் பெயரையே பட்டியலில் காணோம். எதை நம்புவது?

பதில்: நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரியானவைதான். மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 48.3 சதவீதம். கர்ப்பிணி, மற்றவர் என்று பார்க்காமல் 15 முதல் 49 வயது வரையுள்ள எல்லாப் பெண்களையும் சேர்த்தால், தமிழ்நாட்டில் 53.4. இந்தியா முழுவதும் கர்ப்பிணிகளை மட்டும் எடுத்தால் 52.2. கேள்வி மூன்று, பதிலும் மூன்று. எடுத்துப் போட்டவர்கள் கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் போட்டிருக்கிறார்கள். இதில் அளவுகோலும் ஒன்றல்ல. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மற்ற பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எண் கிடைத்தாலும் அதன் பக்கத்தில் யாரை எண்ணினார்கள், எங்கே வைத்து எண்ணினார்கள், எந்த வருடம் எண்ணினார்கள் என்று எழுதுங்கள். இந்த மூன்றையும் எழுத முடியாத எண்ணைச் சபைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஓர் அதிகாரி எழுந்து "இது எங்கேயிருந்து எடுத்ததும்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், உண்மையான பிரச்சினையும் அதோடு அடிபட்டுப் போகும்.

சரி, மாவட்டத்தின் பெயர் ஏன் இல்லை? இந்த ஆய்வை மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்துவது மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். ஐந்தாவது சுற்றுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32தான். நெல்லையிலிருந்து தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். ஆகவே உங்கள் ஊர் அந்தக் கணக்கில் 'திருநெல்வேலி' என்ற பெயருக்குள் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு இந்த ஆய்வு வெளியிட்ட தகவல் தாளை நீங்கள் பயன்படுத்தலாம், ஆனால் 'பழைய நெல்லை மாவட்டம்' என்று சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும். உவரிக் கடற்கரையும் குற்றால மலையடிவாரமும் ஒன்றாகச் சேர்ந்த சராசரி அது. பீடி சுற்றும் பெண்களைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் காட்டாது.

அந்தத் தாளைத் திறந்ததும் இன்னொன்றைக் கவனியுங்கள். சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். சில இடங்களில் எண்ணே இல்லாமல் நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். அடைப்புக்குறி என்றால் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டது என்று பொருள். நட்சத்திரம் என்றால் 25 பேர்கூட இல்லை, அதனால் எண்ணை வெளியிடவில்லை. தமிழ்நாட்டில் மொத்தம் 25,650 பெண்களிடம் விவரம் எடுத்தார்கள். 32 மாவட்டத்துக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஏறக்குறைய 800 பேர். அந்த 800 பேரில் அன்றைய தேதியில் கர்ப்பமாக இருந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? 30, 40 என்றுதான் வரும். 40 கர்ப்பிணிகளில் 16 பேருக்கு ரத்தசோகை இருந்தால் 40 சதவீதம். 20 பேருக்கு இருந்தால் 50 சதவீதம். நான்கே பெண்கள் மாறினால் பத்துப் புள்ளி ஏறி இறங்கிவிடுகிறது. 40 பேரில் பாதிப் பேருக்கு என்று வந்தால், மாவட்டத்தின் உண்மையான அளவு 35க்கும் 65க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல்படி சொல்ல முடியும். 'போன தடவையைவிட எங்கள் மாவட்டத்தில் 6 சதவீதம் கூடிவிட்டது' என்று இதை வைத்துப் பேசுவது ஆபத்து. மாநில எண் அப்படியல்ல, அதில் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். முந்தைய சுற்றில், 2015-16இல், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளுக்கு 44.4 சதவீதமாக இருந்தது 48.3 ஆகியிருக்கிறது. மாவட்ட எண்ணைவிடத் தெம்பாகச் சொல்லக்கூடிய கணக்கு இது.

இந்த ஆய்வில் விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துச் சின்னக் கருவியில் பார்க்கிறார்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் கலந்து, அளவு குறைந்து தெரிய வாய்ப்புண்டு. இந்த விவாதம் நீண்ட நாளாக இருக்கிறது. ஆறாவது சுற்றில் ரத்தசோகை அளவீட்டை எடுத்துவிட்டு, சிரையில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் தனி ஆய்வை ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வின் எண்ணையும் 48.3ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'கூடியது, குறைந்தது' என்று சொல்லக் கூடாது. அளந்த விதமே வேறு.

இனி, உங்கள் ஊருக்கு அருகில் வருவோம். ஆரம்ப சுகாதார நிலையங்களும் அரசு மருத்துவமனைகளும் மாதாமாதம் மேலே அனுப்பும் கணக்கு ஒன்று உண்டு. சுகாதார மேலாண்மைத் தகவல் அமைப்பு என்று பெயர், துறைக்குள் எச்.எம்.ஐ.எஸ். என்பார்கள். 2008இல் தொடங்கியது. இதன் அறிக்கைகளை மாவட்ட அளவிலும் அதற்குக் கீழேயும் பொதுமக்கள் திறந்து பார்க்கலாம். எத்தனை கர்ப்பிணிகள் பதிவானார்கள், எத்தனை பேருக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ ஹீமோகுளோபின் பார்த்தார்கள், 11க்குக் கீழே எத்தனை பேர், கடுமையான ரத்தசோகை எனப்படும் 7க்குக் கீழே எத்தனை பேர் என்று தனித்தனி வரியாக இருக்கும். கணக்கு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வருவாய் மாவட்டமும் சுகாதார மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு சுகாதார மாவட்டங்கள் இருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் எதற்குள் வருகிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில்தான் நல்ல மனதோடு வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். 7க்குக் கீழே ஒருவர்கூட இல்லை என்று ஒரு வட்டாரம் காட்டும். மகிழ்ச்சியாக இருக்கும். மேலே இருக்கும் வரியைப் பாருங்கள்: பதிவானவர்கள் எத்தனை, பரிசோதனை நடந்தவர்கள் எத்தனை? பாதிப் பேருக்குப் பரிசோதனையே நடக்கவில்லை என்றால் நோய் குறைவாகத்தான் தெரியும். நன்றாகப் பரிசோதிக்கும் நிலையத்தில் ரத்தசோகை அதிகமாகத் தெரியும். அந்தச் செவிலியரைக் குறை சொல்வதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. நானாக இருந்தால் முதலில் பரிசோதனை வரியைத்தான் படிப்பேன்.

நம் ஊர் வழக்கமும் இந்தக் கணக்குக்குள் நுழைந்துவிடும். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை புகுந்த ஊர்ச் செவிலியரின் பதிவேட்டில் இருப்பாள். பிரசவம் தாய்வீட்டுப் பக்கத்து மருத்துவமனையின் கணக்கில் ஏறும். சிக்கலான பிரசவம் என்று நெல்லைக்கு அனுப்பினால் நெல்லையின் கணக்கில் ஏறும். பிறப்பு, இறப்புப் பதிவும் இப்படித்தான்: 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பவம் நடந்த இடத்தில் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் நகரத்தில் இறப்பு குவிந்து தெரிவதும், கிராமத்தில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரிவதும் இதனால்தான். உங்கள் ஊராட்சியில் தாய் மரணம் பதிவாகவில்லை என்பதால் உங்கள் ஊர்ப் பெண் யாரும் இறக்கவில்லை என்று ஆகிவிடாது.

சிசு மரணம், தாய் மரணம் என்று நாளிதழில் வரும் எண்கள் பெரும்பாலும் மாதிரிப் பதிவு முறையிலிருந்து வருபவை. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்துவது. தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒருவர் தொடர்ந்து பதிந்துகொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வீடுவீடாகப் போய்ச் சரிபார்ப்பார். நம்பகமான முறை. 2018-20க்குத் தமிழ்நாட்டின் தாய் மரண விகிதம் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54, இந்தியாவுக்கு 97 என்பது இதிலிருந்து வந்ததுதான். ஆனால் மாநிலத்துக்குக் கீழே இதை இறக்க முடியாது. உங்களுக்கு இப்போது உதவாது. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று நீங்களே கணக்குப் போடவும் முயல வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக முடிந்தது 2011இல். உங்கள் ஊரில் அப்போது இருந்தவர்கள் வேறு, இன்று இருப்பவர்கள் வேறு.

அப்புறம், ஊர் அளவு எண். அது இணையத்தில் இல்லை, தேடிக் களைத்துப் போக வேண்டாம். அது உங்கள் துணை சுகாதார நிலையத்தில், நர்சம்மா என்று ஊர் கூப்பிடும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருக்கிறது. சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி எனப்படும் இணையப் பதிவில் பெயர் ஏறி, 12 இலக்க எண் ஒன்று வரும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை என்பதால் தமிழ்நாட்டில் பதிவிலிருந்து விடுபடுகிறவர்கள் குறைவு. அந்த வகையில் நாம் மற்ற பல மாநிலங்களைவிட நல்ல நிலையில் இருக்கிறோம்.

செவிலியரிடம் போகும்போது குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்களாகப் போகாதீர்கள். ஒரு பெண் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தடுப்பூசி போடும் புதன்கிழமை காலையில் போய் நின்றால் அவர் நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. வேறு நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்க வேண்டியது மொத்த எண்ணிக்கை மட்டும்: கடந்த ஏப்ரல் முதல் எத்தனை கர்ப்பிணிகள் பதிவு, எத்தனை பேருக்கு எத்தனை முறை ஹீமோகுளோபின் பார்த்தது, 11க்குக் கீழ், 7க்குக் கீழ் எத்தனை பேர், இரும்புச் சத்து மாத்திரை கையிருப்பு இல்லாத மாதங்கள் எவை. நான்காம் மாதம் தொடங்கி 180 நாளைக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை தர வேண்டும் என்பது திட்டம். இருப்பு இல்லாத மாதம் ஒன்று இருந்தால், சபையில் வைக்க அதைவிட வலுவான தகவல் உங்களுக்குக் கிடைக்காது.

பெயரைக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். சின்ன ஊரில் எண்ணே பெயரைக் காட்டிவிடும். தெற்குத் தெருவில் கர்ப்பிணிகள் மூன்று பேர், அதில் ஒருவருக்கு 7க்குக் கீழே என்று சபையில் வாசித்தால், யார் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். 'இவளுக்கு ரத்தமே இல்லையாம்' என்ற பேச்சு ஒரு பெண்ணை மாமியார் வீட்டில் என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவாரியாக வேண்டாம், ஊராட்சி முழுவதற்கும் ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

செவிலியரால் தர முடியாது, மேலே கேளுங்கள் என்றால் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். 'ரத்தசோகை பற்றிய விவரம் தருக' என்று எழுதினால் ஒரு வரியில் பதில் வரும். துணை நிலையத்தின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, மேலே சொன்ன வரிகள் ஒவ்வொன்றும் மாதவாரியாக என்று குறிப்பாகக் கேளுங்கள். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. எந்தக் கூட்டத்தில் பேசப்போகிறீர்களோ அதற்கு இரண்டு மாதம் முன்பே மனு போய்விட வேண்டும்.

ரத்தம் ஏற்றக் கொண்டுபோன அந்த இரண்டு பெண்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் சம்மதித்தால், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தாய் சேய் நல அட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போனபோதும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுத அதில் கட்டம் இருக்கிறது. எந்த மாதத்தில் முதலில் எழுதியிருக்கிறார்கள், எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது, 9 என்று எழுதிய பிறகு அடுத்த பரிசோதனை எத்தனை வாரம் கழித்து நடந்தது என்று பெயரில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு 48.3, உங்கள் துணை நிலையத்தின் மாதக் கணக்கு, இந்த இரண்டு அட்டைகளின் தேதிகள் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் சபையில் வாசியுங்கள். மாதாமாதம் பரிசோதனை எண்ணிக்கையையும் மாத்திரை இருப்பையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.